மாணவர்களிடம் கேட்பது எப்படி? வளாகத்தில் பாலினச் சமத்துவம் குறித்த கருத்துக் கேட்பு: ஓர் எளிய விளக்கம்

தமிழில் ‘கேள்’ என்ற ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. கேள்வி எழுப்புவதும் கேட்பதுதான், சொல்வதைக் காதில் வாங்கிக்கொள்வதும் கேட்பதுதான். பல்கலைக்கழகங்களில் ‘மாணவர்களிடம் கருத்துக் கேட்கிறோம்’ என்று சொல்லும்போது பெரும்பாலும் முதல் வேலைதான் நடக்கிறது. படிவம் வருகிறது, கூட்டம் கூடுகிறது, புகைப்படம் எடுக்கிறார்கள், அறிக்கையில் ஒரு வரி சேர்கிறது. காதில் வாங்கும் வேலை அப்படியே விட்டுப்போகிறது. அது ஏன் விட்டுப்போகிறது, விட்டுப்போகாமல் செய்ய என்ன வழி என்று இதில் புதிதாக இறங்கும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

‘கலந்தாய்வு’ என்ற சொல்லும் இதற்குப் பொருந்தும். ஆனால் அதைச் சொன்னதும் இடம் ஒதுக்கும் கவுன்சலிங்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. அதனால் ‘கருத்துக் கேட்பு’ என்றே வைத்துக்கொள்வோம்.

கருத்துக் கேட்பு என்றால் என்ன? ஒரு முடிவு எடுப்பதற்கு முன்பே, அந்த முடிவு யார் வாழ்க்கையைத் தொடுமோ அவர்களிடம் போய் அவர்கள் அனுபவத்தையும் யோசனையையும் கேட்பது. கேட்டதை முடிவில் சேர்ப்பது. எதைச் சேர்த்தோம், எதைச் சேர்க்கவில்லை என்று அவர்களிடமே திரும்பி வந்து சொல்வது. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது வேறு ஏதோ ஒன்று. முடிவை எடுத்துவிட்டுச் சொன்னால் அறிவிப்பு. நல்லது கெட்டதை மேடையிலிருந்து எடுத்துச் சொன்னால் விழிப்புணர்வு நிகழ்ச்சி. ஒருவருக்கு நடந்த குற்றத்தை விசாரித்தால் அது புகார் நடைமுறை. இவையெல்லாம் தேவைதான். ஆனால் இவற்றில் எதையாவது செய்துவிட்டு ‘கேட்டுவிட்டோம்’ என்று எழுதிக்கொள்வது சரியில்லை.

எதைப் பற்றிக் கேட்கிறோம் என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். பாலினச் சமத்துவம் என்றதும் பலரும் தலையை எண்ணத் தொடங்குகிறார்கள். சேர்க்கையில் பெண்கள் பாதிக்குப் பாதி, எனவே சமத்துவம் வந்தாயிற்று என்கிறார்கள். ஒரு வளாகத்தை எண்ணிப் பாருங்கள். ஆய்வகத்தில் ஒரே ஒரு விலையுயர்ந்த கருவி. பகலில் அதற்கு நீண்ட வரிசை, இரவு ஒன்பதுக்கு மேல்தான் சும்மா கிடக்கும். பெண்கள் விடுதிக் கதவு எட்டரைக்கு மூடுகிறது, ஆண்கள் விடுதிக் கதவுக்கு நேரமே கிடையாது. இருவருக்கும் ஒரே நெறியாளர், ஒரே கட்டணம், ஒரே காலக்கெடு. ஆனால் கருவியில் கை வைக்கக் கிடைக்கும் மணிநேரம் ஒன்றல்ல. சேர்க்கைப் பதிவேட்டில் இது தெரியாது. அந்தப் பெண்ணிடம் கேட்டால்தான் தெரியும்.

உள்ளடக்கம், அதாவது யாரையும் விட்டுவிடாமல் உள்ளே சேர்த்துக்கொள்வது, இன்னும் கொஞ்சம் விரிந்தது. வளாகத்துக்குள் வந்துவிட்ட ஒருவர் தன்னை மறைக்காமல், ஒடுக்கிக்கொள்ளாமல் அங்கே இருக்க முடிகிறதா என்ற கேள்வி அது. விண்ணப்பத்தில் இரண்டு கட்டங்கள் மட்டும் இருந்தால் திருநர் மாணவர் முதல் பக்கத்திலேயே பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. மகளிர் மையம் மின்தூக்கி இல்லாத இரண்டாம் மாடியில் இருந்தால் சக்கர நாற்காலியில் வரும் மாணவிக்கு அது கதவு மூடிய மையம்தான். கைக்குழந்தையோடு ஆய்வைத் தொடரும் ஒருவர், பால் புகட்ட ஓரிடம் தேடித் தேடிக் கடைசியில் வருவதையே குறைத்துக்கொள்கிறார். இவர்களில் யாரும் புகார் எழுதுவதில்லை. எழுத என்ன இருக்கிறது? குறிப்பிட்ட ஒருவர் மீது குற்றம் சொல்ல முடியாத தடைகள் இவை.

புகார் இல்லை என்றால் பிரச்சினை இல்லையா?

‘எங்களிடம் ஒரு புகாரும் வரவில்லை’ என்று பெருமையோடு சொல்லும் நிர்வாகங்கள் உண்டு. ஆஸ்திரேலியாவில் 2017இல் அந்நாட்டு மனித உரிமை ஆணையம் 39 பல்கலைக்கழகங்களில் 30,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடத்திய கணக்கெடுப்பை வெளியிட்டது. முந்தைய ஆண்டில் ஒரு முறையாவது பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 51 சதவீதம். பல்கலைக்கழகச் சூழலில் தொல்லைக்கு ஆளானவர்களில் 94 சதவீதம் பேர் பல்கலைக்கழகத்திடம் முறையான புகார் எதுவும் கொடுக்கவில்லை. பாலியல் வன்தாக்குதலுக்கு ஆளானவர்களிலேயே 87 சதவீதம் பேர் கொடுக்கவில்லை. புகார்ப் பெட்டியை மட்டும் பார்த்து வளாகத்தை அளந்திருந்தால், நூற்றில் ஆறு பேர் குரலைக் கேட்டுவிட்டு ‘எல்லாம் நலம்’ என்று எழுதியிருப்பார்கள்.

புகார்ப் பெட்டி என்றதும் நான் பார்த்த ஒன்று நினைவுக்கு வருகிறது. நல்ல மரப்பெட்டி, புதுப் பூட்டு, மேலே அழகான எழுத்தில் ‘உங்கள் ரகசியம் காக்கப்படும்’. அதற்கு நேர் மேலே, ஒரு முழ உயரத்தில், கண்காணிப்புக் கேமரா. பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் காலியாகத்தான் இருந்தது. கேமராவைப் பற்றி யாரும் கெட்ட எண்ணத்தோடு யோசிக்கவில்லை, அந்தச் சுவரில் அதுதான் வசதியான இடம். அந்த வழியாகத் தினமும் நடக்கும் ஒரு மாணவியை அழைத்து ‘இதில் நீ சீட்டு போடுவாயா அம்மா?’ என்று ஒருவர் கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் பதில் கிடைத்திருக்கும்.

ஏணியில் எந்தப் படி?

ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கர் 1969இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்து காட்டினார். நகரத் திட்டங்களில் ஏழை மக்களின் பங்கு பற்றி அவர் எழுதியது அது. இன்றும் எந்த நிறுவனத்துக்கும் வைத்துப் பார்க்கலாம். அடியில் உள்ள இரண்டு படிகளில் பங்கேற்பே கிடையாது. மக்களை வசப்படுத்துவதும், குறை அவர்களிடம்தான் என்று அவர்களைத் திருத்தக் கிளம்புவதும் அங்கே நடக்கும். நடுவில் மூன்று படிகள்: தகவல் தெரிவித்தல், கருத்துக் கேட்டல், சமாதானப்படுத்த ஓரிரு இடம் கொடுத்தல். இந்த மூன்றையும் அவர் ஒப்புக்கான பங்கேற்பு என்றே வகைப்படுத்தினார். மேலே உள்ள மூன்றில்தான் அதிகாரம் கைமாறத் தொடங்குகிறது: கூட்டாக முடிவெடுப்பது, அதிகாரத்தை ஒப்படைப்பது, முழுப் பொறுப்பையும் மக்களே ஏற்பது.

கவனியுங்கள், கருத்துக் கேட்பு நாலாவது படியில்தான் இருக்கிறது. கேட்பதோடு நின்றுவிட்டால் அது ஒப்புக்குச் செய்ததே என்பது ஆர்ன்ஸ்டீன் வாதம். எனக்கு அதில் முழு உடன்பாடு. கேட்டது முடிவெடுக்கும் மேசை வரைக்கும் போய்ச் சேர வேண்டும். அதற்கு ஒரு வழி, அந்த மேசையிலேயே மாணவருக்கு நாற்காலி போடுவது. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிமுறைகள் இதைச் செய்திருக்கின்றன. பாலியல் தொல்லைப் புகாரில் மாணவர்கள் சம்பந்தப்பட்டிருந்தால், உள் புகார்க் குழுவில் இளநிலை, முதுநிலை, ஆய்வு நிலைகளிலிருந்து மூன்று மாணவர்கள் இருக்க வேண்டும், அவர்கள் வெளிப்படையான ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்கின்றன. ‘தேர்ந்தெடுக்கப்பட’ என்ற சொல் அதில் முக்கியம். துறைத்தலைவர் கைகாட்டும் நல்ல பிள்ளைக்கு நாற்காலி கொடுத்தால், ஏணியில் ஐந்தாம் படியைத் தாண்டுவதில்லை.

ஆகவே தொடங்கும் முன் நிர்வாகம் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: எந்த முடிவு இன்னும் திறந்திருக்கிறது? விடுதி நேரத்தை மாற்றும் எண்ணமே இல்லையென்றால் விடுதி நேரம் பற்றிக் கேட்கக் கூடாது. ‘கழிப்பறைகளைப் புதுப்பிக்கப் பணம் ஒதுக்கியாயிற்று, எந்தக் கட்டடம் முதலில், உள்ளே என்ன வசதி என்பது உங்கள் பேச்சைக் கேட்டு முடிவாகும்’ என்று சொல்லிக் கேட்டால் அதற்கு உயிர் இருக்கும். சின்ன விஷயமாக இருக்கட்டுமே. மாணவர்களுக்கு இந்த வித்தியாசம் சட்டென்று பிடிபடும். ஒரு முறை ஏமாந்தவர்கள் அடுத்த முறை கூட்டத்துக்கு வருவதில்லை, அந்த வெற்று நாற்காலிகளைக் காட்டி ‘மாணவர்களுக்கு அக்கறை இல்லை’ என்று சொல்லிவிடுகிறோம்.

யாரைக் கேட்பது?

மாணவர் மன்றத் தலைவரையும் வகுப்புப் பிரதிநிதிகளையும் அழைத்துப் பேசிவிட்டு மாணவர்களைக் கேட்டாயிற்று என்பது வழக்கம். அவர்களைக் கேட்க வேண்டும்தான். ஆனால் கூட்டத்தில் எழுந்து பேசத் தயங்காதவர்கள்தான் பெரும்பாலும் பிரதிநிதி ஆகிறார்கள். நாம் தேடுவது எழுந்து பேசத் தயங்குபவரை. யார் இந்த அறையில் இல்லை என்று ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் ஒரு தாளில் எழுதிவைப்பது நல்ல பழக்கம். மாலை நான்கரைப் பேருந்தைப் பிடிக்க ஓடியவர்கள். பகுதிநேர வேலைக்குப் போகிறவர்கள். அறுபது பேர் வகுப்பில் நான்கே பெண்களாக இருக்கிறவர்கள். செவித்திறன் குறைந்ததால் மைக்கில் ஓடும் விவாதத்தைப் பின்தொடர முடியாதவர்கள். தன் பாலின அடையாளத்தை இன்னும் யாரிடமும் சொல்லாதவர்கள்.

மாற்றுத்திறனாளிகள் இயக்கத்தில் ஒரு முழக்கம் உண்டு: எங்களைப் பற்றிய எதுவும் நாங்கள் இல்லாமல் வேண்டாம். 2006இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையில் இது சட்டமாகவே வந்தது. அவர்களைப் பாதிக்கும் முடிவுகளில் அவர்களோடு நெருங்கிக் கலந்து பேச வேண்டும் என்று நான்காம் பிரிவு அரசுகளைக் கட்டுப்படுத்துகிறது. வளாகத்துக்கும் அதே நியாயம்தான்.

‘பெண்கள்’ என்று ஒரே கட்டத்தில் எல்லோரையும் போட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு நீதிமன்ற வழக்கு நல்ல பாடம். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மீது கறுப்பினப் பெண்கள் ஐந்து பேர் வழக்குத் தொடர்ந்தார்கள். 1964க்கு முன் அந்த ஆலையில் கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுக்கவில்லை. பிறகு ஆட்குறைப்பு வந்தபோது கடைசியில் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும் என்ற விதியால் அவர்கள் வேலை போயிற்று. நிறுவனம் பெண்களை எடுத்திருக்கிறதே என்றது நீதிமன்றம். ஆனால் அப்படி எடுக்கப்பட்ட பெண்கள் வெள்ளையர்கள். இனப் பாகுபாடு என்றால் அதைத் தனியாகக் கொண்டுவாருங்கள், இரண்டையும் சேர்த்து ஒரு புது வகை உண்டாக்க முடியாது என்று 1976இல் தீர்ப்பானது. இரண்டு கட்டங்களுக்கு நடுவில் அந்த ஐந்து பேரும் காணாமல் போனார்கள். சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் இந்த வழக்கை எடுத்து அலசி, ஒடுக்குமுறைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் சந்திப்பில் நிற்பவர்களைப் பற்றி எழுதினார். வளாகத்தில் ‘பெண் மாணவர்களின் திருப்தி 82 சதவீதம்’ என்பது போல ஓர் எண் வந்தால், மிச்சம் உள்ளவர்கள் யார் என்றுதான் முதலில் தேட வேண்டும். குறிப்பிட்ட ஒரு பிரிவினர் மொத்தமாக அதற்குள் இருக்கக்கூடும்.

ஆண்களையும் கேட்க வேண்டுமா? கேட்க வேண்டும். ‘ஆண் பிள்ளை அழக் கூடாது’ என்ற பேச்சில் ஒடுங்கிப்போனவர்கள், நடையையும் குரலையும் வைத்து விடுதியில் கேலிக்கு ஆளானவர்கள் அவர்களிலும் இருக்கிறார்கள். என் அனுபவத்தில், முதலில் தனித்தனிக் குழுக்களாகப் பேசவிட்டு, பிறகு சேர்ப்பது நல்லது. எடுத்த எடுப்பில் எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்தால் சத்தமான குரலே அன்றைய கருத்தாகிவிடும்.

கேள்வியைச் செதுக்குவது

கூகுள் ஃபார்மில் அடிக்கடி வரும் கேள்வி இது: ‘நம் வளாகம் பெண்களுக்குப் பாதுகாப்பானது என்று கருதுகிறீர்களா? ஆம் / இல்லை.’ பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் ‘நம் வளாகம்’ என்று தொடங்கியதுமே பதில் சொல்பவருக்கு விசுவாசச் சோதனை வைத்தாயிற்று. ‘பாதுகாப்பு’ என்றால் ஒருவருக்குக் காவலாளி, இன்னொருவருக்குக் கிண்டல் இல்லாத வகுப்பறை. ஆண்களும் சேர்ந்து பதில் சொல்வதால், தான் அறியாத ஒன்றைப் பற்றி அவர்களும் ‘ஆம்’ போடுகிறார்கள்.

இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ‘கடந்த நான்கு வாரங்களில், இருட்டியபின் நடந்துபோகத் தயங்கியதால், நூலகத்திலோ ஆய்வகத்திலோ செய்ய வேண்டிய வேலையை எத்தனை முறை விட்டுவிட்டுக் கிளம்பினீர்கள்?’ இதில் காலம் இருக்கிறது, இடம் இருக்கிறது, எண்ணிச் சொல்லக்கூடிய செயல் இருக்கிறது. அபிப்பிராயம் சொல்ல வேண்டியதில்லை, நடந்ததை நினைத்துப் பார்த்தால் போதும். பாலியல் தொல்லை பற்றிக் கேட்கும்போதும் இதே விதிதான். ‘தொல்லைக்கு ஆளானீர்களா?’ என்று கேட்டால் பலர் ‘இல்லை’ என்பார்கள், தனக்கு நடந்ததற்கு அந்தப் பெயர் வைக்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது. உடலைப் பற்றிய பேச்சு, வேண்டாம் என்றும் தொடர்ந்து வரும் செய்திகள், உரசிக்கொண்டு நிற்பது என்று நடத்தையைச் சொல்லிக் கேட்டால்தான் உண்மை வெளியே வரும்.

பாலினத்தைக் கேட்கும் கேள்வியில் பெண், ஆண் இரண்டுக்கும் அப்பால், தன் சொல்லிலேயே எழுதிக்கொள்ள ஓர் இடமும், ‘சொல்ல விரும்பவில்லை’ என்ற வாய்ப்பும் வேண்டும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று ஒரு வரியும் சேருங்கள். ‘மற்றவை’ என்ற கட்டத்தைத் தயவுசெய்து தவிர்க்கலாம். ஒரு மனிதரை மற்றவைக்குள் தள்ளிவிட்டு உள்ளடக்கம் பற்றி அவரிடமே கேட்பது அழகல்ல.

மிகக் கூச்சமான விஷயங்களைக் கேட்க அழகான ஒரு வழி இருக்கிறது. 1965இல் ஸ்டான்லி வார்னர் என்பவர் முன்வைத்த யோசனையிலிருந்து வந்தது, எளிய வடிவத்தில் சொல்கிறேன். 200 மாணவர்கள். ஒவ்வொருவரும் யாருக்கும் காட்டாமல் ஒரு நாணயத்தைச் சுண்டுகிறார்கள். தலை விழுந்தால் கேள்வி எதுவானாலும் ‘ஆம்’ என்று எழுத வேண்டும். பூ விழுந்தால் உண்மையை எழுத வேண்டும். ஏறக்குறைய 100 பேர் நாணயம் சொன்னபடி ‘ஆம்’ எழுதியிருப்பார்கள். மொத்தம் 130 ‘ஆம்’ வந்தால், மிச்சம் 100 பேரில் சுமார் 30 பேருக்கு அது உண்மையிலேயே நடந்திருக்கிறது என்று கணக்கிடலாம். ஆனால் எந்தத் தாளை எடுத்துப் பார்த்தாலும் அந்த ‘ஆம்’ நாணயத்தினுடையதா, எழுதியவருடையதா என்று யாராலும் சொல்ல முடியாது. மாணவர்கள் முன்னால் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டிவிட்டுக் கேட்டால், அவர்கள் முகத்தில் இறுக்கம் தளர்வதைப் பார்க்கலாம்.

படிவத்துக்கு எத்தனை பேர் பதில் சொன்னார்கள் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் சங்கம் ஒன்று 2015இல் 27 வளாகங்களில் நடத்திய பெரிய கணக்கெடுப்பில் 1,50,000க்கும் மேற்பட்டோர் பதில் சொன்னார்கள். இருந்தும் அது அழைக்கப்பட்டவர்களில் 19.3 சதவீதம்தான். பாதிக்கப்படாதவர்கள் பதில் சொல்லாமல் விட்டிருந்தால் எண்கள் சற்றுக் கூடுதலாகத் தெரியக்கூடும் என்று அந்த அறிக்கையே எச்சரித்தது. அந்த நேர்மைதான் முன்மாதிரி.

நடந்து பார்ப்பது

படிவத்தைவிட எனக்கு அதிகம் நம்பிக்கை தருவது நடை. கனடாவின் டொரன்டோவில் மெட்ராக் என்ற அமைப்பு 1989இல் பெண்கள் பாதுகாப்புத் தணிக்கை என்ற முறையை உருவாக்கியது. ஓர் இடத்தைப் பயன்படுத்துகிறவர்களே, அவர்கள் வழக்கமாகப் போகும் நேரத்தில் சேர்ந்து நடந்து, எங்கே மனம் பதைக்கிறது, ஏன் என்று குறித்துக்கொள்வது. பின்னர் பல நாடுகளின் நகரங்களும் வளாகங்களும் இதை எடுத்துக்கொண்டன.

அப்படி ஒரு நடையில் நானும் போனேன். மாலை ஏழேகால். நூலகத்தின் பின்வாசலிலிருந்து விடுதி வரைக்கும். ஆறு மாணவிகள், அதில் ஒருவர் சக்கர நாற்காலியில். கையில் பராமரிப்புப் பிரிவு கொடுத்த வரைபடம். அதன்படி அந்தப் பாதையில் உள்ள எல்லா விளக்குகளும் எரிய வேண்டும். எரியவும் செய்தன. பாதி வழியில் ஒருத்தி நின்று மேலே காட்டினாள். கம்பம் நட்ட பிறகு வேம்பு வளர்ந்து கிளை பரப்பி, விளக்கு இலைகளுக்கு மேலே போய்விட்டது. இலைகள் பச்சையாக மின்னின. கீழே, நாங்கள் நின்ற இடத்தில், பக்கத்தில் இருப்பவர் முகம் தெரியவில்லை. பதிவேட்டில் அந்த விளக்கு ‘எரிகிறது’ என்றுதான் என்றைக்கும் இருக்கும்.

கொஞ்ச தூரத்தில் சாய்வுதளம். அளவெல்லாம் சரி. ஏறி முடிக்கும் இடத்தில் கதவு வெளிப்பக்கமாகத் திறந்தது. நாற்காலியில் வந்தவர் ஒரு கையால் கதவை இழுத்துக்கொண்டே, மறு கையால் சக்கரத்தைப் பின்னோக்கித் தள்ளிக் காட்டினார். ‘தினமும் யாராவது வரும் வரைக்கும் காத்திருப்பேன்’ என்றார். கடைசியாக, வழி முழுக்கப் பேசாமல் வந்த முதலாமாண்டு மாணவி சொன்னாள்: ‘இந்த வழியில நான் இன்னைக்குத்தான் முதல் தடவையா வர்றேன்.’ அவள் தினமும் முன்வாசல் வழியாகச் சுற்றிப் போகிறாள், பன்னிரண்டு நிமிடம் கூடுதல். எந்தப் படிவத்திலும் இந்தப் பாதை பற்றி அவள் குறை சொல்லியிருக்க மாட்டாள். அவளைப் பொறுத்தவரை அப்படி ஒரு பாதையே இல்லை.

கிளையை வெட்ட ஒரு காலைப்பொழுது போதுமானதாக இருந்தது. கதவு மாற நாலு மாதமாயிற்று.

சொன்னவர் பத்திரமாக இருக்க வேண்டும்

இதில் தவறு செய்தால் நல்லெண்ணத்தோடு செய்த வேலையே ஒருவரைக் காயப்படுத்திவிடும். பெயர் இல்லாத படிவம் என்கிறோம். ஆனால் ‘மூன்றாமாண்டு, இயந்திரவியல், பெண், விடுதி’ என்று நான்கு கட்டங்களை நிரப்பச் சொன்னால், நான்கே பெண்கள் உள்ள வகுப்பில் அது பெயரைக் கேட்டதற்குச் சமம். தேவைப்படாத விவரத்தைக் கேட்கவே கூடாது. ஐந்து பேருக்குக் குறைவான எந்தப் பிரிவையும் தனி எண்ணாக அறிக்கையில் போடாமல், பக்கத்துப் பிரிவோடு சேர்த்துவிட வேண்டும். சிலர் பத்து என்று வைக்கிறார்கள், சின்ன வளாகத்துக்கு அதுவே நல்லது. திறந்த கேள்விக்கு எழுதிய பதிலை அப்படியே அச்சிடுவதும் ஆபத்து. எழுதும் பாணியை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

குழுப் பேச்சை நடத்துபவர் அந்த மாணவர்களுக்கு மதிப்பெண் போடுபவராக இருக்கக் கூடாது. அக மதிப்பெண் யார் கையில் இருக்கிறதோ அவர் முன்னால் உண்மை பேசச் சொல்வது நியாயமில்லை, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். ஆய்வு மாணவர் நிலை இன்னும் சிக்கல். அவருடைய பட்டம், உதவித்தொகை, பரிந்துரைக் கடிதம் எல்லாம் ஒரே நெறியாளரிடம் இருக்கின்றன. வெளியிலிருந்து ஒருவரை வரவழைக்க முடியாவிட்டால் வேறு துறையிலிருந்தாவது வரட்டும்.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் தனக்கு நடந்ததைச் சொல்லி உடைந்துபோவது உண்டு. அதற்கு முன்கூட்டியே தயாராக இருப்பது நடத்துபவரின் கடமை. கூட்டம் தொடங்கும்போதே மெதுவாகச் சொல்லிவிட வேண்டும்: இது புகார் விசாரணை இல்லை, எந்தப் பெயரையும் இங்கே சொல்ல வேண்டியதில்லை, எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம், புகார் கொடுக்க விரும்பினால் குழுவில் யாரை எப்படிப் பார்ப்பது என்று இந்தத் தாளில் இருக்கிறது, மனநல ஆலோசகர் பக்கத்து அறையில் இருக்கிறார். சொல்லி முடித்தவரிடம் உடனே ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்று துருவக் கூடாது. நமக்கு வேண்டிய தகவல் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் சரி.

மாணவர்களின் நேரத்துக்கும் மரியாதை வேண்டும். தேர்வுக்கு முந்தைய வாரத்தில் கூட்டம் வைக்காதீர்கள். ஒரே திருநங்கை மாணவரை எல்லாக் குழுக்களுக்கும் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தன் வாழ்க்கைக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்காதீர்கள். மாணவர்களைக் கொண்டு கணக்கெடுப்பு நடத்தினால் அந்த வேலைக்கு மதிப்பூதியம் கொடுங்கள்.

திரும்பி வந்து சொல்வது

ஐரோப்பிய ஒன்றியம் 2022 முதல், தன் ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பிக்கும் பல்கலைக்கழகங்கள் பாலினச் சமத்துவத் திட்டம் ஒன்றை வைத்திருப்பதைக் கட்டாயமாக்கியது. அதற்கு நான்கு நிபந்தனைகள்: திட்டம் தலைமையின் கையொப்பத்தோடு பொதுவில் வெளியாக வேண்டும், அதற்கென ஆளும் பணமும் ஒதுக்க வேண்டும், பாலினவாரியாகத் தரவு திரட்டி ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும், பயிற்சி நடத்த வேண்டும். கருத்துக் கேட்பில் வந்ததைத் தங்கவைக்க இப்படி ஓர் ஆவணம் உதவும். பொதுவில் வெளியாவது, பணம் ஒதுக்குவது, இந்த இரண்டையும்தான் நான் முதலில் பார்ப்பேன். இவை இல்லாத திட்டம் அலமாரியில் தூங்கும்.

ஆஸ்திரேலியக் கதைக்குத் திரும்பினால், 2017இல் எண்கள் வெளியாயின. 2021இல் 43,819 மாணவர்களிடம் மறுபடி கேட்டார்கள். பல்கலைக்கழகங்கள் தாமாகத் திருந்தும் வேகம் போதவில்லை என்று மாணவர்களும் பாதிக்கப்பட்டவர்களும் ஆண்டுக்கணக்கில் விடாமல் பேசினார்கள். 2025 பிப்ரவரி 1 அன்று, பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருந்து மாணவர் புகார்களை விசாரிக்கும் தேசிய மாணவர் குறைதீர்ப்பாளர் அலுவலகம் செயல்படத் தொடங்கியது. முதல் கணக்கெடுப்பில் பதில் எழுதிய மாணவர்களில் பெரும்பாலோர் அதற்குள் பட்டம் வாங்கிப் போய்விட்டிருப்பார்கள்.

மாணவர்களைக் கேட்பதில் உள்ள தனிச் சிக்கல் இதுதான். ஊர் மக்களைக் கேட்டால் அவர்கள் அங்கேயே இருப்பார்கள், அடுத்த ஆண்டு வந்து ‘என்ன ஆச்சு?’ என்று கேட்பார்கள். மாணவர்கள் மூன்று, நான்கு ஆண்டுகளில் போய்விடுகிறார்கள், அவர்களோடு நினைவும் போய்விடுகிறது. இரண்டு ஆண்டு தள்ளிப்போட்டால் கேட்க ஆளே இருக்காது என்று தெரிந்தே தள்ளிப்போடும் அலுவலகங்களும் உண்டு. அதனால் முதல் பதில் அதே பருவத்துக்குள் வர வேண்டும். ஒரே ஒரு தாள் போதும், மூன்று பத்திகள்: நீங்கள் சொன்னது, நாங்கள் செய்தது, செய்யாதது ஏன் என்பது. மூன்றாவது பத்தியை எழுதத்தான் நிர்வாகங்கள் கூசுகின்றன. ‘இந்த ஆண்டு பணம் இல்லை, அடுத்த நிதிநிலையில் வைத்திருக்கிறோம், பொறுப்பு துணைப் பதிவாளர்’ என்று எழுதினால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. மௌனத்துக்குத்தான் கோபம் வருகிறது.

அந்தத் தாளின் ஒரு பிரதி மாணவர்கள் கையிலும் இருக்க வேண்டும். நான் அறிந்த ஒரு மாணவர் குழு இதைச் செய்தது. சாதாரண நீலக் கோப்பு, உள்ளே நிலுவையில் உள்ள கோரிக்கைகள் தேதிவாரியாக. ஒவ்வொன்றுக்கும் எதிரே யாரைப் பார்த்தோம், என்ன சொன்னார்கள். இறுதியாண்டு மாணவி கிளம்பும் முன் இரண்டாமாண்டு மாணவியை உட்காரவைத்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துக் காட்டினாள். ‘இது முடிஞ்சுது. இது முடிஞ்சுதுன்னு சொல்வாங்க, நம்பாத, மூணாம் மாடிக்கு ஏறிப் போய்ப் பாரு. இது இன்னும் முடியல, ஜூலைல மறுபடி கேக்கணும்.’